மூன்று கேசட்டும் ஒரு தகடும்

1990-களின் கடைசியில் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் வீடியோ எடுத்தவர்கள் பலரும், உள்ளங்கையில் அடங்கக்கூடிய மினிடிவி கேசட்டுகளைக் கையாண்டார்கள். ஒரு விவாகத்துக்கு மூன்று நான்கு கேசட்டுகள் நிறைந்துவிடும். அவற்றிலிருந்து தொகுத்துக் கொடுத்த டிவிடி, பல தடவை போட்டுப் பார்த்துக் கீறல் விழுந்து ஓடாமற் போன பிற்பாடும், மூலக் கேசட்டுகள் அநேக வீடுகளில் பீரோவின் அடித்தட்டில், பட்டுப் புடவைகளுக்கும் ஜாதகக் கட்டுகளுக்கும் அருகில் இன்னமும் இருந்துகொண்டிருக்கின்றன. அவற்றை ஓட்டிக் காட்டக்கூடிய காமிராக்களோ வருஷத்துக்கு வருஷம் அருகி வருகின்றன. அந்தக் கேசட்டுகளின் உற்பத்தியையே சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. ஆகையால் கேசட்டில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அங்கிருந்து வீட்டுப் பெரியவர்கள் ரிமோட்டை அழுத்தியதும் பார்க்கும்படியான டிவிடியாக ஆக்கும் முறையைச் சாமானியர்களும் அறிந்துவைத்துக்கொள்வது இப்போது அவசியமாகிறது. அந்த முறையில் எந்த இடத்தில் எதை இழக்கிறோம் என்ற தெளிவு முக்கியம். அது இருந்தால் எதை விட்டுக்கொடுப்பது என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

மினிடிவி கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் எண்களாகப் பதிந்த படம். காமிராவையும் கம்ப்யூட்டரையும் பயர்வயர் என்னும் கேபிளால் இணைத்து ஓட்டினால், நாடாவில் பழுது இல்லாத வரையில், அந்த எண்கள் கூடாமலும் குறையாமலும் ஹார்ட் டிஸ்கில் வந்து இறங்குகின்றன. ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். அதை அவசரப்படுத்த வழியில்லை. இன்றைய லேப்டாப்புகளில் பயர்வயர் இணைப்பு இல்லாமையால், பழைய கம்ப்யூட்டர் ஒன்றையோ, அதற்குரிய கார்டைச் செருகக்கூடிய மேசைக் கம்ப்யூட்டரையோ தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்துக்கு அஞ்சி, மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை மாட்டி அனலாக் வழியாக ஏற்றித் தருகிற கடைகளும் உண்டு. டிஜிட்டலாக இருந்ததை அனலாகாக மாற்றி மறுபடியும் டிஜிட்டலாக்குகிற அந்த வழியில் படம் வீணாக மங்குகிறது. பழைய விஎச்எஸ் கேசட்டுகளுக்கு அதுதான் வழக்கமான மார்க்கம். மினிடிவிக்கு அதை ஒப்புக்கொள்ளவே கூடாது.

இவ்விதம் இறங்கும் ஏவிஐ கோப்பின் பருமனைக் கண்டு புதியவர்கள் திகைத்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட். மூன்று கேசட்டுகளுக்கு 39. எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் அமைத்த டிஸ்காக இருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது என்பதால், இருபது நிமிஷம் முடிவதற்குள் பதிவு அறுந்து நின்றுவிடும். டிஸ்கை முன்கூட்டியே என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

இத்தனை பெரிய கோப்பை 4.7 ஜிகாபைட் மட்டுமே கொள்ளக்கூடிய டிவிடித் தகட்டில் எவ்வாறு அடக்குவது என்பதற்கு, இரண்டிலும் படம் எப்படி உறைகிறது என்பதைச் சற்று நோக்க வேண்டும். நம் தேசத்தில் வழங்கும் பால் (PAL) என்னும் வீடியோ முறையில் விநாடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றும் குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 576 வரிகளும் கொண்டது. மினிடிவி கேசட்டானது அந்த இருபத்தைந்தில் ஒவ்வொன்றையும், மற்றொன்றின் உதவியை நாடாமல், ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் பதிகிறது. அதனால் எந்தப் படத்திலும் வெட்டலாம், எங்கும் ஒட்டலாம். அதற்கு விலையாக விநாடிக்கு இரண்டரைக் கோடி பிட்டுகளைப் படத்துக்கு மாத்திரம் செலவிடுகிறது. 1996-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி கையாளும் எம்பெக்-2 முறையின் யுக்தி வேறு. ஏறத்தாழ பன்னிரண்டு படங்களை ஒரு கூட்டமாக வைத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றை மட்டும் முழுமையாக எழுதி, எஞ்சியவற்றில் முன்னும் பின்னும் உள்ள படங்களிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. மணவறைக்குப் பின்னால் தொங்கும் திரை அசையாமல் இருக்குமானால் அதைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டிய அவசியம் என்ன? இந்த ஒரு சூட்சுமத்தினால்தான் அத்தனை பெரிய கோப்பு இத்தனை சிறிய தகட்டுக்குள் புகுகிறது. கூட்டம் கூட்டமாகப் பின்னிப் பிணைந்துவிட்டபடியால், டிவிடியாக ஆன பிறகு நினைத்த இடத்தில் வெட்டுவது கஷ்டம். ஆகவே இருண்ட துண்டுகள், தரையைப் பார்த்துக்கொண்டிருந்த காமிராவின் காட்சிகள் முதலியவற்றை ஏவிஐ நிலையிலேயே நீக்கித் தொகுப்பை முடித்துவிட்டு, கடைசியாக ஒரே ஒரு தடவை எம்பெக்-2 ஆக மாற்ற வேண்டும்.

இனி இந்த வேலையின் மையமான கணக்கு. 4.7 ஜிகாபைட் என்பது 470 கோடி பைட். பிட்டுகளில் சொன்னால் 3,760 கோடி. மூன்று மணி நேரப் படத்தில் 10,800 விநாடிகள். வகுத்தால் விநாடிக்குச் சுமார் 34 லட்சத்து 80 ஆயிரம் பிட் கிடைக்கிறது. ஒலிக்கும் இதர குறிப்புகளுக்கும் ஒதுக்கியது போகப் படத்துக்கு மிஞ்சுவது 32 லட்சத்தைத் தாண்டாது. இரண்டரைக் கோடியாக இருந்தது 32 லட்சமாகிறது. அதே படத்தை ஒன்றரை மணி நேரம் வீதம் இரண்டு தகடுகளாகப் பிரித்தாலோ, விநாடிக்கு 65 லட்சம் பிட் தாராளமாகக் கிடைக்கிறது. டிவிடி விதிகளின்படி படத்துக்கு விநாடிக்கு 98 லட்சம் பிட்டுக்கு மேல் போகக் கூடாது. வீட்டில் பர்ன் செய்யும் தகடுகளில் 80 லட்சத்தோடு நிறுத்திக்கொண்டால், எழுதிய தகட்டைப் படிக்கத் தடுமாறும் பழைய பிளேயர்களும் பெரும்பாலும் இடறாமல் ஓட்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த படமானால் தகட்டில் கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கும், கிடந்தால் பாதகமில்லை.

கல்யாண வீடியோவைச் சுருக்குவதில் மற்ற வீடியோக்களுக்கு இல்லாத ஒரு கஷ்டம் உண்டு. எம்பெக்-2 முறைக்கு உகந்தது சாந்தமான காட்சி. முகூர்த்த வேளையிலோ, தாலி ஏறுகிற அந்தச் சில விநாடிகளில், நாலா பக்கத்திலிருந்தும் அட்சதையும் உதிரிப் பூவும் மழையாய்ப் பொழிய, ஹோமப் புகை அலைய, போட்டோக்காரரின் ஃபிளாஷ் வெளிச்சம் ஒரு படம் முழுவதையும் வெளுக்கச் செய்ய, பின்னால் சீரியல் விளக்குகள் மினுக்க, கூறைப் புடவையின் ஜரிகை மணப்பெண்ணின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒளியை மாற்றி மாற்றி வீச, முந்தின படத்துக்கும் அடுத்த படத்துக்கும் பொதுவானது என்று சொல்ல ஏறக்குறைய எதுவுமே இராது. முந்தினதை வைத்து அடுத்ததை ஊகிக்கும் முறை அங்கே கைவிரித்துவிடுகிறது. பிட்டும் போதாமற் போனால், மணமக்களின் முகத்தில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தோன்றுகின்றன. குடும்பம் எந்தக் கணத்துக்காக அந்தத் தகட்டைப் போட்டுப் பார்க்கிறதோ, அதே கணம்தான் தகட்டில் மிகக் கேவலமாகச் சிதைந்து நிற்கிறது. பழைய கல்யாண டிவிடிகளில் பலரும் இதைக் கண்டிருப்பார்கள். காமிராவின் குறை என்று எண்ணியுமிருப்பார்கள். கேசட்டைப் போட்டுப் பார்த்தால் அந்தக் கணம் தெளிவாகவே இருக்கும்.

இதற்குப் பரிகாரம், பிட்டுகளைச் சமமாகப் பங்கிடாமல் தேவை அறிந்து பங்கிடுவது. பந்தியில் குழந்தையின் இலைக்கும் உழைத்துக் களைத்தவரின் இலைக்கும் ஒரே அளவு சோறு வைப்பவர் நல்ல பரிசாரகர் அல்லர். மாற்றும் மென்பொருளில் மாறும் பிட்ரேட், இரண்டு சுற்று என்று இருக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால், கம்ப்யூட்டர் முதற் சுற்றில் படம் முழுவதையும் பார்த்து எங்கே கொந்தளிப்பு, எங்கே அமைதி என்று குறித்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் வரவேற்பு மேடையில் வரிசையாக நின்று மொய்க் கவர் கொடுப்பவர்களிடம் சிக்கனம் பிடித்து, மாங்கல்ய தாரணத்துக்கு வாரி வழங்குகிறது. நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆகட்டும். ஆனால் சராசரியே 32 லட்சமாக இருக்கும்போது வாரி வழங்கவும் ஏதுமிராது. மூன்று கேசட்டை ஒரே தகட்டில் திணிப்பதைவிட இரண்டு தகடுகள் போடுவது எவ்வளவோ மேல் என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரு தகட்டுக்கு ஆகும் சொற்பப் பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு குடும்பத்தின் நல்ல நாளைக் கட்டம் கட்டமாக உடைப்பது நியாயமே அல்ல.

எல்லா எண்களும் சரியாக இருந்தும், டெலிவிஷனில் போட்டவுடன் நடக்கிறவர்கள் எல்லாரும் நடுங்குவதுபோல் தெரிவதுண்டு. காரணம் இது. நாம் ஒரு படம் என்று எண்ணுவது உண்மையில் இரண்டு பாதிகள். ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் மறு பாதி, இரண்டுக்கும் இடையே விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கால வித்தியாசம். மினிடிவியில் கீழ்ப்பாதி முதலில் வருவது நியதி. மாற்றும் மென்பொருள்கள் சில, கேட்காமலே மேற்பாதி முதல் என்று வைத்துக்கொள்கின்றன. அப்போது பின்னால் நடந்தது முன்னாலும் முன்னால் நடந்தது பின்னாலுமாக, அசைவு ஒவ்வொன்றும் முன்னும் பின்னும் துள்ளுகிறது. டிவிடி இரண்டு வரிசைகளையும் ஏற்கும். கோப்பில் எது உண்மையோ அதைச் சொல்லிவிட்டால் போதும். கம்ப்யூட்டர் திரையில் சீப்புப் பல்லாகத் தெரியும் கோடுகளைக் கண்டு மிரண்டு, இரண்டு பாதிகளையும் கலந்து ஒன்றாக்கிவிடும் பழக்கமும் தவறானது. விநாடிக்கு ஐம்பது அசைவுகள் இருந்த இடத்தில் அதனால் இருபத்தைந்துதான் மிஞ்சும். சந்தேகமானால், யாரேனும் குறுக்கே வேகமாக நடக்கும் ஒரு நிமிஷத்தை மட்டும் மாற்றி, திரும்ப எழுதக்கூடிய தகட்டில் ஏற்றி, டெலிவிஷனில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

ஒலியைப் பற்றி நெடிது சொல்ல வேண்டியதில்லை. டிவிடிக்கு விநாடிக்கு 48,000 மாதிரி என்பது பிரமாணம். சில காமிராக்கள் 32,000-ல் பதிந்திருக்கும், அதை மாற்றிக்கொள்ள வேண்டும். சுருக்காத ஒலி விநாடிக்குப் பதினைந்து லட்சத்துக்கு மேல் பிட்டுகளைத் தின்றுவிடும். டால்பி டிஜிட்டல் முறையில் 256 ஆயிரம் கொடுத்தாலே நாதஸ்வரமும் தவிலும் திருப்தியாகக் கேட்கும். கெட்டிமேளத்தின்போது காமிராவின் மைக் தாங்காமல் பிளந்துபோன சப்தத்தை மட்டும் பின்னால் எந்தச் சாமர்த்தியத்தாலும் முழுமையாகச் செப்பனிட முடியாது.

டொரான்டோவில் உள்ள உறவினருக்கு அனுப்புவதாயிருந்தால் ஒரு விஷயம் ஞாபகத்தில் இருக்க வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் பால் முறை. கனடாவிலும் அமெரிக்காவிலும் என்டிஎஸ்சி. அங்கே விநாடிக்கு 29.97 படங்கள், 480 வரிகள். நம் ஊர்ப் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். அங்குள்ளவற்றில் பல, பால் தகட்டைத் திருப்பித் தள்ளிவிடும். பால் படத்தை வலிந்து என்டிஎஸ்சியாக மாற்றினால் அசைவு நொண்டும். ஆதலால் பால் தகட்டையே அனுப்பி, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கச் சொல்வதே உத்தமம்.

மாற்றிய எம்பெக்-2 கோப்பைத் தகட்டில் அப்படியே நகல் எடுத்துவிட்டால் அது டிவிடி ஆகிவிடாது. வீடியோ டிஎஸ் என்னும் பெயருள்ள ஃபோல்டருக்குள், ஒவ்வொன்றும் ஒரு ஜிகாபைட்டுக்கு மிகாத விஓபி துண்டுகளாகப் படத்தைப் பிரித்து, எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்று பிளேயருக்குக் காட்டும் ஐஎஃப்ஓ கோப்புகளையும், அவை பழுதானால் உதவ அவற்றின் மறு பிரதிகளையும் சேர்த்து வைக்க வேண்டும். இதற்கு டிவிடி ஸ்டைலர் என்னும் இலவச மென்பொருள் போதும். மெனுவில் இதயங்களும் ரோஜாக்களும் பறக்க வேண்டும் என்று பலர் பிரியப்படுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், முகூர்த்தம், நலங்கு, வரவேற்பு என்று பெரிய எழுத்தில் ஐந்து வரிகள் இருந்தால், கண் மங்கிய பாட்டியும் தாமாகவே தேர்ந்தெடுத்துப் பார்ப்பார்.

தகட்டை உச்ச வேகத்தில் பர்ன் செய்யாமல் மிதமான வேகத்தில் எழுதி, எழுதியது சரியா என்று அதே மென்பொருளைக் கொண்டு சரிபார்க்கச் செய்யுங்கள். அதன்மேல் காகித லேபிள் ஒட்ட வேண்டாம். டிவிடிக்கென்று விற்கும் மார்க்கர் பேனாவால் பெயரும் தேதியும் எழுதினால் போதும். டிவிடி கைக்கு வந்துவிட்டதே என்று அந்த 39 ஜிகாபைட் ஏவிஐ கோப்புகளை அழித்துவிடாதீர்கள். தகட்டில் இருப்பது பார்வைக்கான பிரதி. கேசட்டில் இருந்தது முழுவதும் அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது, நாளை வேறெந்த வடிவம் வந்தாலும் அவற்றிலிருந்துதான் நல்ல பிரதி எடுக்க முடியும். அவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் ஏற்றி, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றொன்றை உடன்பிறந்தார் வீட்டிலும் வைத்துவிடுங்கள். முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை அந்தக் கோப்புகளை ஒரு முறை ஓட்டிப் பார்த்து முடிக்கும் வரையில் கேசட்டுகளையும் எறிந்துவிட வேண்டாம்.