இரட்டைச் சிலிண்டரும் ஈயக்கட்டியும்

புளியந்தோப்பில் எங்கள் வீட்டுத் திண்ணையில் காயும் ரப்பர் உடையைப் பார்த்து, "இது யாருடைய தோல்?" என்று கேட்காத சிறுவன் எங்கள் தெருவில் இல்லை. அது என் சித்தப்பாவின் உடை. காசிமேட்டில் விசைப்படகுகளின் புரொப்பல்லரில் சிக்கிய வலையை அறுப்பதும், துறைமுகத்துக்கு வெளியே நெடுநேரம் மூழ்கி வேலை செய்வதும் அவர் தொழில். நெடுநேர வேலைக்கு முதுகில் இரட்டைச் சிலிண்டர்.

சென்ற ஆண்டு ஒரு நாள், 15 மீட்டர் ஆழத்தில் வேலை முடித்துத் திரும்பும்போது, 5 மீட்டரில் சற்றுத் தங்க முயன்றவரைக் கடல் மேலே தூக்கி எறிந்துவிட்டது. விரைந்து ஏறினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகும். அன்றிரவே மூட்டு வலியோடு மருத்துவரிடம் ஓடினோம். "இறங்கும்போது எடை சரியாகத்தானே இருந்தது, ஏறும்போது எப்படிடா மாறிற்று?" என்று பௌதிக மாணவனாகிய என்னைக் கேட்டார்.

விடை எளிது, காற்றுக்கும் எடை உண்டு. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருப்பது 2200 லிட்டர் காற்று. லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் 2.6 கிலோ. இரண்டிலும் சேர்த்து 5 கிலோவுக்கு மேல்! அழுத்தம் 50 பாருக்கு இறங்கும்போது அதில் 4 கிலோ குமிழியாய்ப் போயிருக்கும். சிலிண்டர் அடைக்கும் இடமோ குறையவில்லை; ஆர்க்கிமிடீஸ் சொன்ன மேலுந்தல் அப்படியே இருக்கிறது. இரும்புச் சிலிண்டர் காலியானாலும் அமிழும், அலுமினியம் மிதக்கும். சித்தப்பாவுடையது அலுமினியம்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் (தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல்) கல்லைப் பற்றி இறங்கி, அடியில் அதை விட்டுவிடுவார்கள். மேலே கயிறு பிடிப்பவர் மைத்துனர் என்பார்கள். இவருக்கு அந்த வசதி இல்லை. கடைசி மூச்சுக் காற்றுக்கும் போதுமான ஈயத்தை முதலிலேயே கட்டியாக வேண்டும். தொடக்கத்தில் மிகையாகும் எடையைக் காற்றுப்பையில் சிறிது காற்று விட்டுச் சரிக்கட்டலாம்.

கட்டும் இடமும் முக்கியம். சிலிண்டர்கள் ஏற்கெனவே முதுகில். ஈயமும் அங்கேயே என்றால் சிலர் ஆமைபோல் மல்லாந்துவிடுவார்கள். கால் தாழ்ந்தால், துடுப்பை உதைக்க உதைக்க உடல் மேலேறும், சேறு கலங்கும், காற்றும் வீணாகும்.

உடம்பு தேறி, மருத்துவர் அனுமதித்த பின் ஒரு ஞாயிறு, 50 பார் மட்டுமே மிஞ்சிய சிலிண்டர்களோடு சோதித்தோம். இடுப்பில் முன்பக்கமாக 4 கிலோ கூட்டினோம். படகிலிருந்து பார்த்தேன், குமிழிகள் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தன. மேலே வந்தவர், "நிக்குதுடா. ஆனா காலு இன்னும் கொஞ்சம் எறங்குது" என்றார். சிலிண்டர் பட்டையைத் தளர்த்தித் தலைப்பக்கம் நான்கு விரற்கடை ஏற்றிக் கட்டினோம்.