வனிலாக் காயில் மணம் பிறக்கும் விதம்

அவுரியின் இலை பச்சை நிறமே உடையது. அதனைத் தொட்டியில் ஊறவைத்து, ஊறிய நீரைக் கலக்கி அடித்துக் காற்றுப் படச் செய்த பின்னரே நெசவாளர் அறிந்த நீலம் வெளிப்படுகிறது. இலையில் நீலம் நேராக இல்லை. நீலத்திற்குரிய பொருள் சர்க்கரையோடு பிணைந்து மறைந்திருக்கிறது. அப்பிணைப்பு அறுபட்டால்தான் நிறம் பிறக்கும். சாயத்தில் நிகழும் இதே முறை மணத்திலும் நிகழ்கிறது என்பதற்கு வனிலா நல்ல சான்று. பயிரிடும் அங்கத்தினர்களுக்கு அதனை விளக்குவதே நம் நோக்கம்.

வனிலா மெக்சிகோ நாட்டிற்குரிய ஒரு கொடி. அங்குள்ள டோட்டோனாக் மக்கள் அதனை நெடுங்காலமாகப் பேணி வந்தனர். பிற நாடுகளுக்குக் கொண்டு சென்றபோது கொடி தழைத்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. 1841-ஆம் ஆண்டில் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியைக் கொண்டு கையாலேயே மகரந்தம் சேர்க்கும் எளிய வழியைக் கண்டான். அவ்வழியே பிற நாடுகளுக்கும் பரவியது. இன்று மடகாஸ்கர் இதன் விளைச்சலில் முதலிடம் வகிக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு விளைவித்த காயைப் பறித்து முகர்ந்தால் வனிலா மணம் இராது. ஏன்?

மணத்தின் தலைமைப் பொருள் வனிலின் என்பது. பச்சைக் காயில் அது குளூக்கோஸ் என்னும் சர்க்கரையோடு கூடி, குளூக்கோவனிலின் என்னும் மணமற்ற பொருளாக இருக்கிறது. இப்பிணைப்பை அறுக்க வல்ல பீட்டா-குளூக்கோசிடேஸ் என்னும் நொதியும் அதே காயில் உண்டு. ஆயினும் காய் உயிரோடுள்ளவரை இரண்டும் தடையின்றிக் கலப்பதில்லை. பூட்டும் சாவியும் ஒரே வீட்டில் வெவ்வேறு அறைகளில் இருப்பது போன்றது இது. சுவரை உடைத்து இரண்டையும் சேர்ப்பதே பதனிடும் தொழிலின் முதல் வேலை.

அச்சேர்க்கையில் நிகழும் கணக்கு தெளிவானது. 314 கிராம் குளூக்கோவனிலின் 18 கிராம் நீருடன் கூடிப் பிரிந்தால், 152 கிராம் வனிலினும் 180 கிராம் குளூக்கோஸும் கிடைக்கும். ஆகவே காயில் சேராத சரக்கைப் பதனிடுதலால் உண்டாக்க இயலாது. மகரந்தம் சேர்த்துச் சுமார் 9 மாதங்கள் ஆகி, காயின் நுனி மஞ்சளிக்கும் தறுவாயில்தான் குளூக்கோவனிலின் நிறைந்திருக்கும். திருட்டுக்கு அஞ்சியும் விலைக்கு ஆசைப்பட்டும் முன்னதாகப் பறிப்போர் மணத்தைக் கொடியிலேயே இழந்து விடுகின்றனர்.

பதனிடுதல் நான்கு படிகளை உடையது.

முதலாவது, வாட்டுதல். காய்களை 63 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நீரில் ஏறத்தாழ 3 நிமிடம் அமிழ்த்துகின்றனர். காயின் உயிர் அடங்குகிறது. உள்ளறைச் சுவர்கள் நெகிழ்கின்றன. நீர் கொதித்தாலோ நொதியும் அழியும். பின்னர் எவ்வளவு முயன்றும் மணம் குறைவாகவே இருக்கும்.

இரண்டாவது, புழுக்கத்தில் வைத்தல். பகலில் வெயிலில் சூடேற்றி, கம்பளியில் சுற்றி, இரவில் காற்றுப் புகாத பெட்டிகளில் அடைக்கின்றனர். சில நாட்கள் முதல் ஒரு வாரத்திற்கு மேலும் இது தொடரும். இச்சூட்டில் நொதிகள் ஊக்கமாக வேலை செய்கின்றன. வனிலின் விடுபடுகிறது, வேறு நொதிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு பச்சைக் காயைக் கரும்பழுப்பாக்குகின்றன.

மூன்றாவது, உலர்த்தல். நிழலில் தட்டுகளில் பரப்பி, இரண்டு மூன்று மாதங்கள் மெல்ல உலர்த்த வேண்டும். 80 சதவிகிதம் இருந்த ஈரம் 25 முதல் 30 சதவிகிதத்திற்கு இறங்கும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அவசரமாக உலர்த்தினால் காய் முறியும்.

நான்காவது, முதிரவைத்தல். மூடிய பெட்டிகளில் மேலும் சில மாதங்கள் காய்கள் கிடக்கும். அமிலங்களும் ஆல்கஹால்களும் கூடி நறுமண எஸ்டர்கள் உண்டாவது போன்ற மெதுவான மாறுதல்கள் அங்கே நிகழ்கின்றன.

5 அல்லது 6 கிலோ பச்சைக் காய் இவ்வாறு 1 கிலோவாகச் சுருங்கும். அதில் வனிலின் சுமார் 20 கிராமே. வனிலினை மட்டும் வேண்டுவோர் காயை நாட வேண்டுவதில்லை. 1874-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர்களான டீமானும் ஹார்மானும் அதனைச் செயற்கையாகச் செய்து காட்டினர். இன்று உலகில் பயனாகும் வனிலினில் மிகப் பெரும் பகுதி ஆலைச் சரக்கே. இயற்கைக் காயின் மதிப்பு, வனிலினோடு சேர்ந்து அதிலுள்ள இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்களின் கூட்டில் இருக்கிறது. அக்கூட்டை உண்டாக்குவது காலமே.

இங்கேதான் சிறு விவசாயியின் இடர்ப்பாடு தொடங்குகிறது. பறித்தது முதல் விற்பது வரை அரை ஆண்டு காத்திருக்கக் கடன்பட்டவனால் இயலாது. பச்சைக் காயோ நெடுநாள் தாங்காது. ஆதலால் வந்த விலைக்கு விற்கிறான். 2003-ஆம் ஆண்டையொட்டி உலகச் சந்தையில் வனிலா விலை மிக உயர்ந்தபோது கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் பலர் இக்கொடியை நட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் விலை சரிந்தது. பலர் கொடியைக் கைவிட்டனர். நன்கு பதனிட்ட காயோ ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கக் கூடியது. விலை தேறும் வரை பொறுக்கலாம்.

மேலும், கைப்பிடிக் காய்கள் சூட்டைத் தாங்கி நிற்பதில்லை. பெருங்குவியலே இரவெல்லாம் வெப்பத்தைக் காக்கும். பலர் காயை ஒன்று சேர்த்துப் பதனிட்டால் வேலையும் செம்மையாகும். பொதுப் பதனிடு கூடமும், முதிர்ந்த காய்க்கு மட்டுமே முன்பணம் என்னும் விதியும், சரக்கின் ஈட்டின்பேரில் கடனும் சங்கத்தால் ஏற்படுமாயின், காத்திருக்கும் வலிமை தனி அங்கத்தினருக்கும் வாய்க்கும். வனிலாவின் மணத்திற்கு வேண்டுவது காலம். அக்காலத்தை ஏழை விவசாயிக்கு அளிக்க வல்லது கூட்டுறவே.