வாக்குக்கு விடாத தலைவர்

ஐ.நா. சமாதானப் பணி என்றதும் நமக்கு நீலத் தொப்பிச் சிப்பாய்தான் நினைவுக்கு வருவார். அவரை அனுப்பும் நிலையே வராமல் பார்க்கிற ஆள் இராஜதந்திரி. அவர் அப்படி என்னதான் செய்கிறார் என்று பலர் கேட்கிறார்கள். பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்; மாத்தளையைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவரை வைத்தே சொல்கிறேன்.

ஜயந்த தனபால 1938இல் பிறந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரியிலும் பேராதனையிலும் படித்தார். பள்ளி நாட்களில் கட்டுரைப் போட்டி ஒன்றில் வென்று 1957இல் அமெரிக்கா போய்வந்தார். 1965இல் வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்து இலண்டன், பீஜிங், வாஷிங்டன், புதுடெல்லி, ஜெனீவா என்று பணியாற்றினார். ஆனால் அந்த வேலை இன்னதென்று புரிய 1995ஐத்தான் பார்க்க வேண்டும்.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1970இல் நடைமுறைக்கு வந்தது. அது ஒரு பேரம். அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்தும் தம்மிடமுள்ள அணு ஆயுதங்களைக் களைய நல்லெண்ணத்தோடு பேச வேண்டும். மற்ற நாடுகள் அவற்றைச் செய்யவே கூடாது. பதிலாக, ஆக்க வேலைகளுக்கு அணுசக்தியைப் பயன்படுத்தலாம். 25 ஆண்டு கழித்துக் கூடி, ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீடிப்பதா, கெடு வைத்து நீடிப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். 1995 ஏப்ரலில் நியூயோர்க்கில் 175 நாடுகள் கூடின. தலைவர் நாற்காலியில் தனபால.

வல்லரசுகள் காலவரையின்றி என்றன. கெடு இருந்தால்தான் அவர்களைத் தட்டிக் கேட்க முடியும் என்றன இந்தோனேசியா போன்ற நாடுகள். என்னைக் கேட்டால், அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் கனடா முன்வைத்த தீர்மானத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆதரவு சேர்ந்துவிட்டது. வாக்கெடுத்திருந்தால் வல்லரசுகள் சுலபமாக வென்றிருக்கும்.

தனபால அதைத்தான் தவிர்க்கப் பார்த்தார். கோயில் சபைக் கூட்டத்தில் கைதூக்க வைத்து ஒரு பகுதியாரைத் தோற்கடித்தால், தேருக்கு அவர்கள் வடம் பிடிக்க வருவார்களா? இந்த ஒப்பந்தத்திலிருந்தும் ஒரு நாடு தன் உயர்நலனைக் காரணம் காட்டி, மூன்று மாத முன்னறிவித்தலோடு விலகிவிட முடியும். தோற்றவரை மனக்கசப்போடு அனுப்பினால் ஒப்பந்தம் வெறும் காகிதமாகிவிடும்.

அதனால் முக்கியமான தூதுக்குழுக்களின் தலைவர்களைச் சிறு குழுவாகக் கூட்டி, நாட்கணக்கில் பேச வைத்தார். நீடிப்போடு வேறு இரண்டு முடிவுகளைப் பிணைத்தார்: ஒப்பந்தத்தின் நிலையை ஒழுங்காக மீளாய்வு செய்வது, ஆயுதக் களைவுக்கான கோட்பாடுகளையும் இலக்குகளையும் எழுதிவைப்பது. அரபு நாடுகளுக்காக, மத்திய கிழக்கை அணு ஆயுதமற்ற வலயமாக்கக் கோரும் தீர்மானமும் சேர்ந்தது. முடிவின் வாசகத்தைக் கவனியுங்கள். எல்லோரும் விரும்பினார்கள் என்று அது சொல்லவில்லை. காலவரையற்ற நீடிப்புக்குப் பெரும்பான்மை இருக்கிறது என்று மட்டுமே சொன்னது. அந்த உண்மையை எவரும் மறுக்க முடியாது. மே 11 அன்று வாக்கெடுப்பின்றி அது நிறைவேறியது. உடன்படாதவர்கள் பிறகு எழுந்து தங்கள் மறுப்பைச் சொன்னார்கள், வாக்குக் கேட்கவில்லை.

விலை இல்லாமல் இல்லை. அன்று உறுதியளித்த அணுச்சோதனைத் தடை ஒப்பந்தம் 1996இல் கையெழுத்துக்கு வந்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. மத்திய கிழக்கு வலயமும் வரவில்லை. வல்லரசுகள் சொன்ன சொல்லைக் காக்கவில்லை என்று பின்னாளில் தனபாலவே வெளிப்படையாக வாதாடினார்.

1998 முதல் 2003 வரை ஐ.நா.வில் ஆயுதக் களைவுக்குப் பொறுப்பான துணைச் செயலாளர் நாயகமாக இருந்தார். ஈராக்கில் சதாம் ஹுசைனின் மாளிகைகளைச் சோதிக்கச் சென்ற பரிசோதகர்களோடு கூடப் போன இராஜதந்திரிகள் குழுவுக்கும் அவரே தலைவர்.

நமக்கு வலிக்கிற இடம் அடுத்தது. 2004இல் கொழும்பில் அரசின் சமாதானச் செயலகத்துக்குத் தலைமை ஏற்றார். 2003 ஏப்ரலிலேயே விடுதலைப் புலிகளுடனான நேரடிப் பேச்சு நின்றுபோயிருந்தது. சுனாமி நிவாரணத்துக்காக அரசும் புலிகளும் 2005 ஜூனில் ஒப்பமிட்ட கூட்டுப் பொறிமுறையின் முக்கிய பகுதிகளை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. பிறகு போர் திரும்பியது. நியூயோர்க்கில் எல்லாத் தரப்பும் மேசையில் இருக்க விரும்பின. இங்கே அந்த மேசையே இல்லை. இதை அவருடைய திறமைக் குறைவென்று எழுதுவது அநியாயம் என்பேன்.

தனபால 2023 மே மாதம் காலமானார். அவர் பணியாற்றிய இலங்கை வெளிநாட்டுச் சேவைக்கான போட்டிப் பரீட்சைக்குத் தமிழிலும் தோற்றலாம். மாத்தளைத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகளே, அடுத்த வர்த்தமானி அறிவித்தலைத் தவறவிடாதீர்கள்.