நிழல் சொல்லும் உயரம்

மேலிருந்து பார்த்தால் மலையும் மைதானமும் ஒன்றுதான். கேரளத்தின் தமிழக எல்லையில் இருக்கும் வெள்ளறடையை வானிலிருந்து படமெடுத்தால் குரிசுமலைச் சரிவுகூட வெறும் பச்சைத் திட்டு. ஆனால் இந்தத் தட்டைப் படத்திலிருந்தே உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

எளிய வழி நிழல். படமெடுத்த நேரத்தில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் 80 செ.மீ. என்றால், 20 மீட்டர் நிழல் விழும் தென்னையின் உயரம் 25 மீட்டர். குச்சி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. இடம், தேதி, நேரம் தெரிந்தால் சூரியனின் கோணம் தெரிந்துவிடும். ஆனால் தரை சமமாக இருக்க வேண்டும். சரிவில் கீழ்நோக்கி விழும் நிழல் நீளும், மேல்நோக்கி விழுவது குறுகும். மேடும் பள்ளமுமான வெள்ளறடையில் நிழலை மட்டும் நம்பினால் கணக்கு தப்பும்.

இரண்டாவது வழி சாய்வு. செங்குத்தாக எடுத்த படத்தில் உயரமானவை எல்லாம் மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து தெரியும். 1,500 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படம் ஒன்றில் கோபுர உச்சி மையத்திலிருந்து 90 மி.மீ. தூரத்தில் இருக்கிறது, அடியிலிருந்து 1.5 மி.மீ. விலகியிருக்கிறது. 1.5ஐ 1,500ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 25 மீட்டர். அதுதான் உயரம்.

மூன்றாவது, இரு கண்களின் தந்திரம். ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்து ஒப்பிட்டால் மேடு பள்ளம் எழுந்து நிற்கும். 2005இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளில் முன்னும் பின்னுமாகச் சாய்ந்த இரு கேமராக்கள் இருந்தது இதற்காகத்தான்.

இது வெறும் கணிதப் புதிர் அல்ல. அதே படம் 1:10,000 அளவில் இருந்தால் 1.5 மி.மீ. விலகல் என்பது தரையில் 15 மீட்டர். அதாவது 25 மீட்டர் மேட்டில் இருக்கும் வேலி, படத்தில் 15 மீட்டர் தள்ளி நிற்கும். உயரத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்தாமல் எல்லைக்கோடு போட்டால் ஒருவரது நிலம் அடுத்தவர் கணக்கில் ஏறிவிடும். சென்ட் கணக்கில் நிலம் வாங்கும் ஊரில் அது சின்ன விஷயமல்ல.

இன்னொரு சிக்கல் மரங்கள். 1970இல் விஞ்ஞானி பி.ஆர். பிஷாரடியின் குழு ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படமெடுத்து, கேரளத் தென்னைகளின் வாடல் நோயைக் கண்டறிந்தது. நோயைப் பார்க்க மரத்தின் தலை தெரிந்தால் போதும். நிலத்தை அளக்க அடி தெரிய வேண்டும். 2022 நவம்பர் 1 அன்று கேரளம் தொடங்கிய டிஜிட்டல் மறு அளவையில் திறந்த வெளிகளுக்கு ட்ரோன் பயன்பட்டது. தோப்புகளுக்குள் கருவியைச் சுமந்து ஆட்கள் நடக்க வேண்டியிருந்தது.

ரப்பர் மரத்தின் உயரத்தை வானம் சொல்லிவிடும். அதன் காலடியில் கிடக்கும் எல்லைக்கல்லை மனிதன்தான் தேடிப் போக வேண்டும்.