மைல் ஓட்டத்தில் ஐந்தாவது ஆள்

ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்தால் 60 மதிப்பெண். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். தேனி மாவட்டத்தின் மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு பக்கத்தில் பிளஸ் டூ முடித்த பையன்களுக்கு இந்த இரண்டு கணக்கும் மனப்பாடம். ஒரு மைல் என்பது 1609 மீட்டர். அதாவது ராணுவம் வைக்கிற தேர்வே ஏறக்குறைய ஒரு மைல் ஓட்டம்தான். உலகத் தடகளத்தில் மிக மதிப்புள்ள தொலைவுகளில் ஒன்றை, சம்பளம் கிடைக்கும் என்ற ஒரே நம்பிக்கையில், இந்த மாவட்டத்து இளைஞர்கள் தாமாகவே ஓடிப் பழகுகிறார்கள். ஆனால் அந்த ஓட்டம் செலக்‌ஷனோடு நின்றுவிடுகிறது. எடுபட்டவன் சீருடைக்குப் போகிறான், எடுபடாதவன் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கிறான். நடுவில் இருக்கிற கல்லூரிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. தமிழ்நாட்டில் நடுத்தரத் தொலைவு ஓட்டம் வளராமல் இருப்பதற்கு முதல் காரணமாக இதைத்தான் சொல்வேன்.

ஐந்தரை நிமிடத்தில் 1.6 கிலோமீட்டர் என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 82 விநாடிக்குச் சற்றுக் கூட. காவலர் தேர்வின் 7 நிமிடக் கணக்கில் ஒரு சுற்றுக்கு 112 விநாடி. நான்கு நிமிட மைலுக்குச் சுற்று ஒன்றுக்கு 60 விநாடிக்கும் சற்றுக் குறைவு. 1954 மே 6-ஆம் தேதி ஆக்ஸ்போர்டின் இஃப்லி சாலை மைதானத்தில் ரோஜர் பானிஸ்டர் 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி அந்த எல்லையை உடைத்தார். அவரைத் தனி வீரராகக் கொண்டாடுவதுதான் வழக்கம். ஆனால் அன்று முதல் பாதிக்கு கிறிஸ் பிராஷர் முன்னால் ஓடி வேகம் கொடுத்தார், பிறகு கிறிஸ் சாட்டவே அந்த வேலையை எடுத்துக்கொண்டார். பிராஷர் கேம்பிரிட்ஜில் படித்தவர், சாட்டவே ஆக்ஸ்போர்டில் படித்தவர். பானிஸ்டர் மருத்துவ மாணவர். ஆக, உலகின் முதல் நான்கு நிமிட மைலே கல்லூரி வழி வந்த மூன்று பேரின் கூட்டு வேலை.

இன்றைக்கு அந்தக் கூட்டு எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதற்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் 1500 மீட்டர் இறுதிப் போட்டியே சாட்சி. தங்கம் வென்ற கோல் ஹாக்கர் 3 நிமிடம் 27.65 விநாடி, வெள்ளி வென்ற ஜோஷ் கெர் 27.79, வெண்கலம் வென்ற யாரெட் நுகூஸ் 27.80. மூவருக்கும் இடையில் மொத்தமே விநாடியின் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஹாக்கர் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஓடியவர், நுகூஸ் நோட்டர் டேமில் ஓடியவர். கெர் ஸ்காட்லாந்துக்காரர், என்றாலும் கல்லூரி நாட்களில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்காக ஓடினார். மூன்று பதக்கமும் அமெரிக்கக் கல்லூரித் தடகளத்தின் பிள்ளைகளுக்கு. அந்தக் கல்லூரிகளில் நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடுவது இப்போது செய்தியே இல்லை. 2023 பிப்ரவரியில் பாஸ்டன் பல்கலைக்கழக உள்ளரங்கில் நடந்த ஒரே போட்டியில் ஐம்பது பேர் அந்த எல்லைக்குக் கீழே ஓடினார்கள்.

அந்த ஐம்பது பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள கிராஸ் கன்ட்ரி போட்டியில் மதிப்பெண் போடுகிற முறையைப் பார்க்க வேண்டும். இலையுதிர் காலத்தில் புல்லிலும் மேட்டிலும் கல்லூரிகள் மோதுகின்றன. அணிக்கு ஏழு பேர். முதலில் வருகிற ஐவரின் இடங்களைக் கூட்டுவார்கள்: முதல் இடத்துக்கு 1, நாற்பதாவது இடத்துக்கு 40. கூட்டுத்தொகை குறைவாக உள்ள அணிக்கே வெற்றி. ஆறாவது, ஏழாவது ஆள் மதிப்பெண்ணில் சேர மாட்டார், ஆனால் எதிரணி வீரரை முந்தினால் அவரை ஒரு இடம் பின்னுக்குத் தள்ளிவிடுவார். ஒரு பந்தயக் குதிரையை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் போட்டியை ஜெயிக்கவே முடியாது. முதல் ஆள் முதலாவதாக வந்தாலும், ஐந்தாவது ஆள் நூற்றைம்பதாவதாக வந்தால் அணி அம்பேல். அதனால் பயிற்சியாளரின் கண் எப்போதும் ஐந்தாவது ஆள் மேல் இருக்கும். அவனை மேலே கொண்டுவரச் செலவாகிற உழைப்பு, கூடவே ஓடுகிற முதல் ஆளையும் சும்மா விடாது. குளிர்காலத்தில் உள்ளரங்கு, வசந்தத்தில் திறந்தவெளி ஓடுகளம் என்று வருடம் முழுவதும் இது தொடர்கிறது. அமெரிக்கத் தேசியக் கல்லூரித் தடகளத்திலும் முதல் எட்டு இடங்களுக்குப் புள்ளி உண்டு: 10, 8, 6, 5 என்று இறங்கி எட்டாம் இடத்துக்கு 1. எட்டாவதாக வருகிற மாணவருக்கும் கல்லூரியில் மரியாதை இருப்பது இதனால்தான்.

மற்ற ஓட்டங்களைவிட மைலுக்கு ஏன் இவ்வளவு கூட்டம் தேவை? மூன்றாவது சுற்றைக் கவனித்தால் தெரியும். முதல் சுற்றில் உற்சாகம் இருக்கும், இரண்டாவதில் தாளம் பிடிபட்டிருக்கும், கடைசிச் சுற்றில் மணி அடித்துவிட்டால் எல்லோருக்கும் எங்கிருந்தோ கால் வரும். மூன்றாவதில்தான் மூச்சு முட்டும், தொடை கனக்கும், முடிவும் கண்ணுக்குத் தெரியாது. தனியாக ஓடுகிறவர் அங்கே தன்னையறியாமல் சுற்றுக்கு இரண்டு மூன்று விநாடி தளர்ந்துவிடுவார். தன் முன்னே ஒரு முதுகும் பின்னே ஒரு காலடிச் சத்தமும் இருந்தால் அந்தத் தளர்வுக்கு இடமில்லை. காற்றை முன்னால் ஓடுகிறவர் வாங்கிக்கொள்வதால் பின்னால் வருகிறவருக்கு உழைப்பும் குறைகிறது. இந்தப் பழக்கம் போட்டியன்று வராது. வாரத்தில் பல நாள் தன்னைவிடச் சற்றுத் தேர்ந்தவனோடு மூன்றாவது சுற்றை ஓடி ஓடித்தான் வரும். நூறு மீட்டர் ஓட்டக்காரர் கடிகாரத்தோடு தனியாகப் பழகி ஓரளவு தேறிவிடலாம். மைல்காரரால் முடியாது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். பாரிஸில் நான்காவதாக வந்த நார்வேயின் ஜேக்கப் இங்கேபிரிக்ட்சன் எந்தக் கல்லூரி அணிக்கு ஓடினார்? எந்த அணிக்கும் இல்லை, நீண்ட காலம் அவரைப் பழக்கியவர் அப்பா. ஆனால் அவருடைய அண்ணன்மார் ஹென்ரிக், பிலிப் இருவருமே 1500 மீட்டரில் ஐரோப்பிய சாம்பியன்கள், முறையே 2012-இலும் 2016-இலும். 2018-இல் தம்பி அதே பட்டத்தை வென்றார். அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு அணி இருந்தது. கென்யாவின் ஈட்டன் ஊரும் அப்படித்தான். செயின்ட் பாட்ரிக் பள்ளிக்கு 1976-இல் ஆசிரியராக வந்த அயர்லாந்துக்காரர் அருட்சகோதரர் கோம் ஓ'கானலைச் சுற்றி ஒரு கூட்டம் உருவானது. அவர்களைப் பார்த்து அடுத்த கூட்டம் ஓடியது. வீடு, பள்ளி, கல்லூரி என்று இடம் மாறலாம். கூட்டம் இல்லாத இடத்தில் மைல் வளர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

நம் நாட்டுச் சாதனைப் பட்டியலே இதைச் சொல்கிறது. 1995-இல் பகதூர் பிரசாத் 1500 மீட்டரை 3 நிமிடம் 38.00 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனையை உடைக்க இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 2018-இல் கோல்டுகோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஜின்சன் ஜான்சன் அதை 3:37.86 ஆக்கினார், அடுத்த ஆண்டு பெர்லினில் 3:35.24. பெண்களில் சுனிதா ராணி 2002 பூசான் ஆசிய விளையாட்டில் ஓடிய 4:06.03, பத்தொன்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2021-இல் வாரங்கல்லில் ஹர்மிலன் பெயின்ஸ் 4:05.39 ஓடினார். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்: மூன்றே ஆண்டில், 2024 மே மாதம், கே.எம்.தீக்ஷா 4:04.78 ஓடிவிட்டார். ஆண்களிலும், 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அஜய் குமார் சரோஜ் வெள்ளியும் ஜின்சன் வெண்கலமும் ஒரே பந்தயத்தில் வாங்கினார்கள். ஒரு சாதனை இருபது ஆண்டு நிற்பதைப் பெருமை என்று நினைக்கிறோம். அது பின்னால் ஆள் இல்லை என்பதற்கான அத்தாட்சி.

"அவர்களெல்லாம் ராணுவத்தில் வளர்ந்தவர்கள் ஆயிற்றே, கல்லூரி எதற்கு?" என்று கேட்கலாம். ஜின்சனும், இப்போது நீண்ட தொலைவில் ஆசியாவைக் கலக்கும் குல்வீர் சிங்கும் ராணுவ வீரர்கள்தான். ராணுவம் செய்திருப்பது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் வேலை நாட்டைக் காப்பது, தடகளம் இரண்டாவதுதான். எடுக்கிற எண்ணிக்கையும் குறைவு. அதைவிட முக்கியம், பெண் பிள்ளைகள். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டம்தான், 2 நிமிடம் 30 விநாடிக்குள். அதனால் செலக்‌ஷனுக்காகக்கூட ஒரு மைல் ஓடிப் பார்க்கிற வாய்ப்பை அந்தத் தேர்வு நம் பெண்களுக்குத் தருவதில்லை. வயதுக் கணக்கும் கல்லூரிக்கே சாதகம். பி.யு.சித்ரா புவனேஸ்வரில் 1500 மீட்டர் ஆசிய சாம்பியன் ஆனபோது 22 வயது. ஹாக்கருக்குப் பாரிஸில் 23. மைல் உலக சாதனையான 3:43.13-ஐ 1999-இல் ஓடியபோது ஹிஷாம் எல் கெரூஜுக்கு 24. ஜின்சனின் சிறந்த ஓட்டம் 28-இல். பதினெட்டில் பள்ளி முடிகிறது, பலன் இருபத்திரண்டுக்கு மேல் வருகிறது. இடையிலுள்ள நான்கைந்து வருடத்துக்குப் பாலம் போட வேறு எந்த நிறுவனம் இருக்கிறது?

நம் மண்ணுக்கும் உடம்புக்கும் இது வராது என்கிற பேச்சை மட்டும் தேனிக்காரர்கள் நம்பவே கூடாது. போடிமெட்டு தாண்டினால் இடுக்கி. ராஜாக்காடு பக்கத்து முல்லக்கானத்துப் பெண் பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கமும் 5,000 மீட்டர் வெள்ளியும் வென்றார். அதே மாவட்டத்துக் கொம்பொடிஞ்சாலைச் சேர்ந்த கே.எம்.பீனாமோல் 2002 பூசானில் 800 மீட்டர் தங்கம் வாங்கினார். தொடுபுழாவின் ஷைனி வில்சன் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை ஓடினார். அதே மலை, அதே ஏலக்காய்க் காடு, காலையில் அதே பனி. அந்தப் பக்கம் பள்ளியில் ஒருவர் கண்டுபிடிக்கிறார், விளையாட்டு விடுதி சோறு போடுகிறது, கல்லூரி ஏற்றுக்கொள்கிறது. நம் பக்கமும் ஆள் இல்லாமல் இல்லை. புதுக்கோட்டையில் பயிற்சியாளர் லோகநாதன் ஒருவரைச் சுற்றிச் சேர்ந்த கூட்டத்திலிருந்துதான் நீண்ட தொலைவு ஓட்டக்காரர்கள் லட்சுமணனும் சூர்யாவும் வந்தார்கள். லட்சுமணன் 2017 ஆசியத் தடகளத்தில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம். ஒரு தனி மனிதர் செய்ததை ஒரு மாவட்டத்துக் கல்லூரிகள் சேர்ந்து செய்ய முடியாதா?

பணம் எங்கே என்பது நியாயமான கேள்வி. தென்னந்தோப்பு வேலைக்கோ இலவம் பஞ்சுக் காய் பறிக்கவோ போனால் அன்றே கூலி கிடைக்கும் வீட்டில், பிள்ளை காலையிலும் மாலையிலும் ஓடிக்கொண்டிருந்தால் யார் பொறுப்பார்கள்? ஓடுகிறவனுக்கு முட்டையும் பாலும் ஒரு ஜோடி நல்ல ஷூவும் வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பணத்துக்கு நாம் எங்கே போவது? போக வேண்டாம். மங்களூருக்குப் பக்கத்தில் மூடுபிதிரி ஒரு சின்ன ஊர். அங்குள்ள ஆழ்வாஸ் கல்லூரி வீரர்களைத் தத்தெடுத்து, தங்க இடமும் சாப்பாடும் படிப்பும் கொடுத்துவருகிறது. அந்த மாணவர்கள் பலத்தில் மங்களூர்ப் பல்கலைக்கழகம் அகில இந்தியப் பல்கலைக்கழகத் தடகளக் கோப்பையைத் திரும்பத் திரும்ப வாங்கியது. கார்பன் தகடு வைத்த புது ஷூக்கள்தான் இன்றைய வேகத்துக்குக் காரணம் என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. ஷூ எல்லோரையும் சில விநாடி முன்னே தள்ளும். பாஸ்டனில் ஓடிய ஐம்பது பேரை அது பெற்றுத் தராது.

தேனி மாவட்டத்தில் உத்தமபாளையம், போடி, பெரியகுளம், வீரபாண்டி என்று கல்லூரிகளுக்குக் குறைவில்லை. விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட்டம் வருடத்துக்கு ஒரு தடவை நடக்கிறது, முதல் மூவருக்குச் சான்றிதழ், அதோடு சரி. நான்காவதாக வந்த பையனின் நேரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. மாற்றத்தை அங்கேயே தொடங்கலாம். மாதம் ஒரு நாள், நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்து, ஆண் பெண் இருபாலருக்கும் ஒரு மைல். ஓடிய எல்லோரின் நேரத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கோப்பையை முதல் ஆளுக்குக் கொடுக்காமல், முதல் ஐவரின் இடங்களைக் கூட்டி அணிக்குக் கொடுக்க வேண்டும். சிந்தெடிக் ட்ராக் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அளந்து சுண்ணாம்புக் கோடு போட்ட மண் தரை போதும். ராணுவத் தேர்வுக்குப் பழகுகிற பையன்களையும் அதில் ஓட விடலாம், அவர்களுக்கும் அது லாபம்தான்.

கல்லூரி முதல்வர்களுக்கும் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு மாணவர் சேர்க்கையில் மயிலாடும்பாறையிலிருந்தோ வருசநாட்டிலிருந்தோ ஒரு பையன், ஒரு பெண் வந்து நின்றால், மைல் எத்தனை நிமிடத்தில் ஓடுவாய் என்று கேளுங்கள். ஐந்தரை என்று சொன்னால் இடம் கொடுங்கள், அவர்களோடு ஓட இன்னும் நான்கு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.