பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் "அழாதே" என்று சொல்லாதீர்கள்

ஒரு புதன்கிழமை. புறநோயாளிகளைப் பார்த்து முடிக்கும் நேரத்தில் இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தியை அவள் மாமியார் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். காய்ச்சல் 103 டிகிரி. மார்பைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தால் இடது மார்பு சிவந்து கல்லாக இருக்கிறது, உள்ளே சீழ். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்திருக்கிறது.

"ஏன் இத்தனை நாள் வரவில்லை?" என்று கேட்டேன்.

"பிள்ளையே போயிட்டு. பாலுக்காக எதுக்கு ஆஸ்பத்திரின்னு இருந்துட்டோம்" என்றார் மாமியார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்ல விசுவாசி டாக்டர். ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

காய்ச்சலை விட அந்தப் பெருமைதான் என்னைக் கலங்கவைத்தது. நானும் ஞாயிறுதோறும் அதே ஆலய வாங்கில் உட்காருகிறவள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசவம் பார்க்கிறேன். குழந்தையை இழந்த தாய்மார் எங்களிடம் தாமதமாகத்தான் வந்துசேர்கிறார்கள். சீழ் கட்டிய பிறகு ஒருத்தி, ஆறு மாதம் தூங்காமல் கிடந்த பிறகு ஒருத்தி. விசாரித்தால் காரணம் ஒன்றுதான்: அந்த வீட்டில் அவளுடைய துக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 28 வாரத்துக்குப் பிறகு உயிரின்றிப் பிறக்கும் குழந்தைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 19 லட்சம். அதற்கு முன்பே கலைந்துபோகும் கருக்கள் இதில் சேரவில்லை. உங்கள் சபையில் இப்படி ஒரு தாய் இல்லை என்று நினைக்காதீர்கள். இருக்கிறாள், சொல்லவில்லை.

பால் சுரக்கும் என்று அவளிடம் சொல்லுங்கள்

குழந்தை இறந்தது உடலுக்குத் தெரியாது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மார்பு கனத்துப் பால் கட்டும். ஐந்தாம் மாதத்தில் இழந்தவர்களுக்கும் இது நடக்கும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், ஈரமாகும் ரவிக்கையைப் பார்த்து நடுராத்திரியில் அவள் தனியாக உடைந்துபோகிறாள்.

துண்டு வைத்து இறுக்கிக் கட்டாதீர்கள். இறுக்கினால் பால் வற்றாது, தேங்கிச் சீழ்தான் பிடிக்கும். அளவான, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை போதும். குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம், வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். வலி தாங்காதபோது பாரம் குறையும் அளவுக்கு மட்டும் கொஞ்சமாகப் பீய்ச்சிவிடலாம்.

மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களே அதைப் பால் வற்றும் மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, பால் சுரப்பு குறைவதை 1988-ல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பால் வற்றும் மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறிய தாய்க்கு அது ஆபத்து. குழந்தையை இழந்த தாய்களில் பலருக்கு இழப்பின் காரணமே ரத்த அழுத்தமாக இருந்திருக்கும்.

இன்னொன்று. தமிழகத்தில் பல அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி உண்டு. விரும்பும் தாய், பரிசோதனைக்குப் பின் அங்கே பால் கொடுக்கலாம். அது சில தாய்மாருக்குப் பெரிய ஆறுதல். கட்டாயப்படுத்தாதீர்கள், இப்படி ஒரு வழி இருக்கிறது என்று சொன்னால் போதும்.

"என் பாவம்தானா டாக்டர்?"

என் அறையில் கதவை மூடியதும் வருகிற முதல் கேள்வி இதுதான். கல்யாணத்துக்கு முன் செய்தது, மாமியாரை எதிர்த்துப் பேசியது, "இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம்" என்று ஒருநாள் நினைத்தது எல்லாவற்றையும் அவள் எண்ணி வைத்திருப்பாள். சில வீடுகளில் ஜெபக்குழுவினரே வந்து, "ஏதாவது அறிக்கையிட வேண்டியது இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். கட்டிலில் கிடப்பவளிடம் அப்படிக் கேட்க எப்படித்தான் மனம் வருகிறதோ!

யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டு பேரும் இல்லை என்கிறார் இயேசு. அவரே மூடிவைத்த கணக்குப் புத்தகத்தைத் திறக்க நாம் யார்?

கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்று யோபுவைக் காட்டி ஆறுதல் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த தகப்பன் தன் வாயால் சொன்னது. யாரும் போய் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவரோடு வாய்திறவாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள், காயம் பெரிதானது.

மார்ட்டின் லூத்தர் 1542-ல், கருவிலோ பிரசவத்திலோ பிள்ளையை இழந்த பெண்களுக்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். தன் கவனக்குறைவால் நேராத இழப்புக்குத் தாயைக் குற்றப்படுத்தாதீர்கள், அவளைப் பயமுறுத்தாதீர்கள் என்பதுதான் அதில் அவர் முதலில் வைக்கும் வேண்டுகோள். எட்டு மாதக் கைக்குழந்தை எலிசபெத்தை 1528-ல் புதைத்த தகப்பன் அவர். ஐந்நூறு ஆண்டாகப் போகிறது, நாம் இன்னும் "யார் செய்த பாவம்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பப்பாளி, ஸ்கூட்டர், கிரகணம்

முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதிக்குக் குறையாமல், கரு உருவான நேரத்திலேயே குரோமோசோம் கோளாறோடு உருவானவை. அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. அவள் பழுத்த பப்பாளி ஒரு துண்டு தின்றதாலோ, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஆலயத்துக்குப் போனதாலோ, கையை உயர்த்திக் கொடியில் துணி போட்டதாலோ, கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ கரு கலையவில்லை. "நீ சும்மா இருந்திருந்தால்..." என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் முடிக்காதீர்கள்.

உண்மையான ஆபத்து, கலைந்த பிறகு வீட்டில் செய்யும் வைத்தியத்தில் இருக்கிறது. கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வதாகக் கஷாயம். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய கலைப்பு மாத்திரை. ரத்தம் கொட்டி, கையெல்லாம் சில்லிட்டு, நினைவு தப்பிய பிறகு ஆட்டோவில் தூக்கி வருகிறார்கள். எத்தனை முறை சொல்வது? ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைந்தால், காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால் அன்றைக்கே வாருங்கள். தாயின் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் தேவைப்படலாம். தவறவிட்டால் அடுத்த பிள்ளைக்கும் ஆபத்து.

அழுதால் விசுவாசம் குறைவா?

லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தேதான் இயேசு கண்ணீர்விட்டார். சில நிமிடங்களில் தீரப்போகும் துக்கத்துக்கே அவர் அழுதார் என்றால், உயிர்த்தெழுதலின் நாள்வரை காத்திருக்க வேண்டிய தாய் அழக் கூடாதா? தெசலோனிக்கேயருக்கு எழுதும் பவுலும் துக்கப்படாதே என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கிக்க வேண்டாம் என்கிறார். இந்த வித்தியாசத்தில்தான் ஒரு தாயின் மனநலமே இருக்கிறது. அழுகையை அடக்குவதற்காகக் கொடுத்த நம்பிக்கை இல்லை இது. அழ வேண்டிய அளவுக்கு அழுதாலும் மூழ்கிப்போகாதபடி காலுக்கு அடியில் கிடக்கும் தரை.

பிள்ளையைத் தாய்க்குக் காட்டாமல் எடுத்துப்போய்ப் புதைத்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். அன்பால்தான் செய்கிறார்கள். ஆனால் பார்க்காத முகத்தைத் தேடியே ஆண்டுகள் கழித்த பெண்களை நான் அறிவேன். அவளைக் கேளுங்கள். பார்க்க வேண்டும் என்றால் துணியில் சுற்றிக் கையில் கொடுங்கள், வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பாதச்சுவடு ஒன்றை மை தொட்டு எடுத்து வையுங்கள். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

தகப்பனையும் பாருங்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அந்தச் சிறு மூட்டையைச் சுமந்துபோய்க் குழி மூடிவிட்டு வந்தவன் அவன். "அவளைப் பார்த்துக்கோ" என்று எல்லாரும் சொல்லிப் போகிறார்கள். அவனை யாரும் கேட்பதில்லை. அவன் குடியில் இறங்குவதும் அப்படித்தான்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளை எங்கே?

இதை என்னிடம் கேட்பதே போதகரிடம் கேட்கப் பயந்துதான். நான் இறையியல் படித்தவள் இல்லை. ஆனாலும் இந்தப் பயத்தால் தூக்கம் இழந்தவர்களுக்கு நான் மாத்திரை எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாவீதின் குழந்தை இறந்தது ஏழாம் நாள். விருத்தசேதனம் எட்டாம் நாளில்தான். அந்த ஏழு நாளைப் பிறப்பிலிருந்து எண்ணினால், உடன்படிக்கையின் அடையாளம் ஏதும் பெறாமலே அது போனது. அப்படியிருந்தும் தாவீது எழுந்து ஸ்நானம்பண்ணி, அது என்னிடம் திரும்பி வராது, நான்தான் அதனிடம் போவேன் என்ற பொருளில் பேசினார். கத்தோலிக்கத் திருச்சபை இப்படிப்பட்ட குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு ஆதாரங்களை எடுத்துரைக்கும் ஆவணத்தை 2007-ல் வத்திக்கானின் இறையியல் குழு வெளியிட்டது. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்த குழந்தைக்கு ஆயரின் அனுமதியோடு ஆலய அடக்கச் சடங்கு நடத்தலாம் என்பது 1983-ன் திருச்சபைச் சட்டத்திலேயே உண்டு. லூத்தர் அந்த 1542 நூலை எழுதியதும் இந்தக் கேள்விக்காகத்தான். தாயின் ஏக்கப் பெருமூச்சையே தேவன் ஜெபமாக ஏற்கிறார் என்பது அவருடைய பதில்.

போதகர்களே, இதை அவள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள்.

துக்கம் நோயாகும்போது

குழந்தை அழும் சத்தம் கேட்பதுபோல் இருப்பது, மடி வெறுமையாக வலிப்பது, மற்றவர் பிள்ளையின் ஞானஸ்நான விருந்துக்குப் போக மனம் வராதது எல்லாம் துக்கத்தின் இயல்பு. பைத்தியமும் இல்லை, பொறாமைப் பாவமும் இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ இல்லை, குளிக்கவும் எழவில்லை, தன்னையே வெறுக்கிறாள் என்றால் மருத்துவரிடம் கொண்டுவாருங்கள்.

"நானும் பிள்ளைகிட்டயே போயிடுறேன்" என்று அவள் சொன்னால், பரலோக நம்பிக்கை என்று எண்ணித் தலையாட்டாதீர்கள். அது தற்கொலை எண்ணமாக இருக்கலாம். தனியே விடாதீர்கள். அன்றைக்கே அழைத்துவாருங்கள். டெலி-மானஸ் 14416, தமிழகத்தில் 104, எந்நேரமும் பேசலாம்.

பக்கத்து வீட்டு அக்காவின் தூக்க மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். துக்கத்தை அது ஆற்றாது, பழக்கம் மட்டும் பிடித்துக்கொள்ளும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு: கருச்சிதைவுக்கு ஆறு வாரச் சம்பள விடுப்பு சட்டப்படி உண்டு. பழைய 1961 மகப்பேறு நலச் சட்டமே இறந்து பிறந்த பிள்ளையையும் பிள்ளை என்றே எண்ணியது.

அடுத்த முறை

"சீக்கிரம் இன்னொன்று பெற்றால் மறந்துடும்" என்று சொல்லாதீர்கள். மறக்காது. எப்போது என்பதை உடலையும் மனதையும் பார்த்து மருத்துவரோடு முடிவு செய்யுங்கள். சர்க்கரை, தைராய்டு, ரத்தம் உறைதல் சோதனைகளை நாங்கள் எழுதித் தருவோம். ஃபோலிக் அமிலத்தைக் கருவுறும் முன்பே தொடங்கிவிடுங்கள்.

இனி நான் சொல்வதை மட்டும் யாரும் தள்ளிவைக்க வேண்டாம். சனிக்கிழமை மாலை குழந்தையின் அசைவு குறைகிறது. இனிப்பாக ஏதாவது குடித்துப் பார்க்கிறார்கள், ஜெப எண்ணெய் பூசுகிறார்கள், ஞாயிறு ஆராதனை முடிகிறது, திங்களன்று வருகிறார்கள். இதயத்துடிப்பு இல்லை. இதை நான் ஒருமுறை அல்ல, பலமுறை பார்த்துவிட்டேன். அசைவு குறைந்தால், கண் மங்கித் தலை வலித்தால், முகம் வீங்கினால், அந்த மணியிலேயே கிளம்புங்கள், நடுராத்திரியானாலும். 108-க்கு அழையுங்கள். வண்டியில் ஜெபித்துக்கொண்டே வாருங்கள், நானும் இங்கே ஜெபித்துக்கொண்டுதான் இருப்பேன். பொய்யான பதற்றமாக இருந்தால் திட்டமாட்டேன், சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்புவேன். ஏழாம் மாதத்திலிருந்து மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துத் தூங்குங்கள்.

யோபுவுக்குக் கடைசியில் ஆடும் ஒட்டகமும் எருதும் கழுதையும் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தன. பிள்ளைகள் மட்டும் முன்போலவே பத்துதான். முந்தின பத்துப் பேரை அவர் இழந்துபோனதாகத் தேவன் கணக்கில் எழுதவில்லை, அதனால்தான் இரட்டிப்பாக்கவில்லை என்று பழைய வேத விளக்கங்களில் ஒரு கருத்து உண்டு. எங்கள் கேஸ் ஷீட்டில் அப்படி எழுத முடியாது. இரண்டாம் கர்ப்பம், ஒரு பிரசவம், உயிரோடு இருப்பது பூஜ்யம் என்றுதான் குறித்தாக வேண்டும்.

அந்தப் புதன்கிழமை வந்த பெண் ஒன்றரை வருடம் கழித்து, மூன்று மாதக் கர்ப்பத்தோடு வந்தாள். "எத்தனையாவது?" என்று நர்ஸ் கேட்டாள். "முதல்..." என்று மாமியார் தொடங்கினார்.

"ரெண்டாவது" என்றாள் அவள். "மூத்தவன் பேரு சாமுவேல்."

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.