உங்களுக்குத் தெரியுமா? தென்துருவத்தைத் தொடாத ஷாக்கிள்டன்

★ எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 1874-ல் அயர்லாந்தில் பிறந்தவர். அப்பா டாக்டர். மகனோ 16 வயதில் படிப்பை விட்டுக் கப்பலேறிவிட்டார்.

★ 1909 ஜனவரி 9. தென்துருவத்துக்கு இன்னும் சுமார் 180 கிலோமீட்டர்தான். அதற்குமுன் அவ்வளவு தெற்கே யாரும் போனதில்லை. போயிருந்தால் தொட்டிருக்கலாம், ஆனால் கூட வந்த மூன்று பேரும் உயிரோடு திரும்ப உணவு இருக்காது. திரும்பிவிட்டார். செத்த சிங்கத்தைவிட உயிரோடிருக்கும் கழுதை மேல் இல்லையா என்று மனைவி எமிலியிடம் கேட்டாராம். அந்தத் திரும்பும் வழியில்தான், காலைக்கென்று இருந்த தன் ஒற்றை பிஸ்கட்டை, கூட வந்தவர்களில் நோயில் துவண்டிருந்த ஃபிராங்க் வைல்டின் கையில் வற்புறுத்தித் திணித்தார். எத்தனை ஆயிரம் பவுன் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது என்று டைரியில் எழுதிவைத்தார் வைல்ட்.

★ 1915-ல், அன்டார்க்டிகா கண்டத்தைக் குறுக்கே கடக்கப் போனபோது, அவருடைய 'எண்டுரன்ஸ்' கப்பலைப் பனி நெரித்து நொறுக்கியது. 28 பேரும் உறைந்த கடல்மேல் இறங்கினார்கள். சொந்தச் சாமான் ஆளுக்கு ஒரு கிலோகூடக் கூடாதென்று உத்தரவு. தன் தங்க நாணயங்களை அவரே முதலில் பனியில் வீசினார். ஆனால் குழுவில் இருந்த ஹஸ்ஸியின் பான்ஜோ என்ற இசைக்கருவியை மட்டும், 5 கிலோவுக்கு மேல் கனத்தும், விடவில்லை. சோர்ந்த மனசுக்கு அதுதான் மருந்தென்று எடுத்துவரச் சொன்னார்.

★ 1916-ல் யானைத் தீவை அடைந்ததும், அங்கே 22 பேரை வைல்டின் பொறுப்பில் விட்டு, உதவி தேடி ஷாக்கிள்டன் உட்பட 6 பேர் படகில் கிளம்பினார்கள். படகின் நீளம் 22 அடி சொச்சம். கடக்க வேண்டியதோ சுமார் 800 கடல்மைல், உலகிலேயே மோசமான கடல். பலகை இடுக்குகளைத் தச்சர் மெக்னிஷ் விளக்குத்திரி, ஓவியரின் எண்ணெய்ச் சாயம், சீல் ரத்தம் கொண்டு அடைத்தார். வழி கணக்கிட, உடன் வந்த வோர்ஸ்லிக்குச் சூரியன் கண்ணில் பட்டது நான்கே முறை. கரையேறிய இடமும் தெற்கு ஜார்ஜியாவின் ஆளில்லாத பக்கம். படகிலிருந்து கழற்றிய திருகாணிகளை பூட்ஸின் அடியில் முடுக்கிக்கொண்டு, மூன்று பேர் 36 மணி நேரம் பனிமலை தாண்டி ஆளிருக்கும் பக்கத்துக்கு நடந்தார்கள்.

★ அந்த மெக்னிஷுக்குத் துருவப் பதக்கம் கிடைக்காமல் செய்தவரும் ஷாக்கிள்டன்தான். பனியில் ஒருநாள் எதிர்த்துப் பேசிய குற்றம். இந்த ஒன்றை என்னால் ஏற்கவே முடியவில்லை.

★ யானைத் தீவில் இருந்தவர்களை மீட்கப் போன முதல் மூன்று முறையும் பனி மறித்தது. நான்காவது முறை, 1916 ஆகஸ்ட் 30-ல், சிலி நாட்டின் 'யெல்சோ' என்ற சின்னக் கப்பலில் போனார். கரை தெரிந்ததுமே பைனாகுலரில் தலைகளை எண்ணினார். 22 பேரும் இருந்தார்கள். கண்டத்தின் மறுகரையில் அவருக்காக உணவுக் கிடங்குகள் வைக்கப் போன குழுவில் மூன்று பேர் இறந்துபோன செய்தி பிறகுதான் வந்தது.

★ 1922 ஜனவரியில் தெற்கு ஜார்ஜியாவில் மாரடைப்பால் இறந்தார். வயது 47. அங்கேயே அடக்கம் செய்யச் சொன்னார் எமிலி. 2011-ல் ஷாக்கிள்டனின் கல்லறைக்கு வலப்பக்கம் ஓர் அஸ்தியைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அது அந்த பிஸ்கட்டை வாங்கிக்கொண்ட ஃபிராங்க் வைல்டுடையது.